நிறுத்திய மருந்தும் நிற்காத அழற்சியும்

(மூலக்கொத்தளத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1939-இல் மொழிப்போரில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் இது. டாக்டர் தருமாம்பாளின் நினைவிடமும் அவர்களோடு இருக்கிறது. சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே போராட்டக் களத்திலும் நின்றவர் அவர். மூலக்கொத்தளத்தில் மருந்தைப் பற்றிப் பேச வருகிறவர் அந்த அம்மையாரை வணங்கிவிட்டுத் தொடங்குவதுதான் முறை.

அழைப்பிதழில் 'ஆஸ்துமா' என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். அதை முழுக்கச் சொல்ல ஒரு மாலை போதாது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலையும் இரவும் ஸ்டெராய்டு இன்ஹேலர் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், உடம்பு தேறிவிட்டது என்று தானாகவே அதை நிறுத்துகிறார். அடுத்த நாளிலிருந்து அவருடைய மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

வடசென்னையில் நெஞ்சக மருத்துவம் பார்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நடுராத்திரியில் மூச்சு வாங்கி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ஆட்டோவில் வந்து இறங்குகிறவரிடம், "இன்ஹேலர் அடிக்கிறீங்களா?" என்றால், "அடிச்சினுதான் இருந்தேன் டாக்டர். நல்லாயிட்டுது. அதான் நிறுத்திட்டேன்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதில் பொய் இல்லை, அசட்டுத்தனமும் இல்லை. ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காசநோய் கற்றுக்கொடுத்தது

இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நெஞ்சுநோய் என்றால் முதலில் தெரிந்தது டிபி. தாத்தாவுக்கோ சித்தப்பாவுக்கோ வந்திருக்கும். ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியமும் வீட்டுப் பேச்சில் புழங்கிய பெயர்கள். 1928-இல் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். மருந்து வந்தபின் அதை எப்படிக் கொடுப்பது என்று உலகத்துக்கு வழிகாட்டியது நம் ஊர்தான். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இந்நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். காற்றோட்டமில்லாத குடிசையில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மாத்திரை விழுங்கியவர்கள், சானடோரியக் கட்டிலில் படுத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகவே குணமானார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. பின்னால் உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதற்கு அந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அந்த வெற்றி முழுக்க ஒரு விதியில் நின்றது. கோர்ஸை முடி. நடுவில் நிறுத்தாதே, முடித்தபின் நிறுத்திவிடு. கிருமி செத்துப் போயிற்று, இனி மாத்திரை வேண்டாம். சுகாதாரப் பணியாளர்கள் படியேறிப் படியேறி வந்து தலைமுறை தலைமுறையாகச் சொன்ன பாடம் இது. நம் மக்கள் அதை நன்றாகவே படித்தார்கள்.

ஆஸ்துமா வந்ததும் அதே பாடத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். மூன்று மாதம் பம்ப் அடித்தாயிற்று, இருமல் போய்விட்டது, ராத்திரி தூக்கம் வருகிறது. ஆகவே கோர்ஸ் முடிந்தது. ஆனால் ஆஸ்துமாவில் கொல்வதற்குக் கிருமி கிடையாது. முடிப்பதற்குக் கோர்ஸும் கிடையாது. நீங்கள் நன்றாக இருப்பது, மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 'தொடர்ந்து சாப்பிடணும்' என்று அழுத்திச் சொல்கிற மருத்துவர்களாகிய நாங்கள், இன்ஹேலர் எழுதும்போது மட்டும் சீட்டில் 'ஒரு மாதம்' என்று போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்த ஒரு மாதத்தை நோயாளி எப்படிப் படிப்பார்? டிபி சீட்டைப் படித்தது போலத்தான்.

குழாய்க்குள்ளே

ஆஸ்துமாவில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. இது நிமிடக்கணக்கில் வரும், போகும். குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளி கட்டுகிறது. இது வருடக்கணக்கில் இருக்கும். அஸ்தலின் என்று நாம் எல்லோரும் சொல்கிற சால்புடமால் பம்ப் தசையைத் தளர்த்தும். 1969-இல் வந்த மருந்து. அடித்த ஐந்து நிமிடத்தில் நெஞ்சு லேசாகிவிடும். அழற்சியை அது தொடாது. 1972-இல் பிரிட்டனில் வந்த பெக்லோமெதசோனும், பின்னால் வந்த பியூடசொனைடு, ஃப்ளூட்டிகசோன் முதலிய ஸ்டெராய்டு இன்ஹேலர்களும் அழற்சியை அடக்கும். ஆனால் அடித்த கையோடு ஒன்றும் தெரியாது. பம்ப் இரண்டில் எதை மனிதர்கள் விடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சட்டைப் பையில் அஸ்தலின் இருக்கும். ஸ்டெராய்டு இன்ஹேலர் அலமாரியில் தேதி முடிந்து கிடக்கும்.

பெரும்பாலான ஆஸ்துமாவில் அழற்சியின் முக்கியமான ஆள் ஈசினோஃபில் என்கிற வெள்ளணு. இன்டர்லூக்கின் 4, 5, 13 என்னும் சமிக்ஞைப் புரதங்கள் அதை உற்பத்தி செய்யவும் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு வரவழைக்கவும் காரணமாகின்றன. வந்து சேர்ந்த ஈசினோஃபில், உட்சுவரின் மேல்தோலைச் சிதைக்கும் புரதங்களைக் கொட்டுகிறது. ஸ்டெராய்டு மூலக்கூறு செல்லுக்குள் நுழைந்து, இந்தச் சமிக்ஞைகளைப் பிறப்பிக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. அடக்குகிறதே தவிர அழிப்பதில்லை. பொங்கி வருகிற பாலில் தண்ணீர் தெளித்தால் அடங்கும். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். தெளிப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் பால் அமைதியாகவே தெரியும்.

அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. மருந்து தொடங்கும்போது குணம் ஒரு வரிசையில் தெரியும். இரவு இருமல் சில நாட்களில் குறையும். ஊதும் திறன் சில வாரங்களில் ஏறும். தூசியோ குளிர்காற்றோ பட்டதும் குழாய் சட்டென்று சுருங்கும் அந்தக் குணம் தணிய மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். நிறுத்தும்போது முதலில் திரும்புவது அழற்சி. மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடின் அளவு ஏறும். சளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஈசினோஃபில் கூடியிருக்கும். குழாயின் சுருங்கும் குணம் திரும்பும். இவ்வளவும் நடந்த பிறகுதான் விடியற்காலை மூன்று மணி இருமல் ஆளை எழுப்பும். இந்த இடைவெளியில் நோயாளி, 'நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகலையே' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். சிலருக்கு அது ஒரு வாரம். சிலருக்கு இரண்டு மூன்று மாதம். நீண்ட இடைவெளி கிடைத்தவர் தாம் மருந்தை விட்டதையும் பின்னால் வந்த திணறலையும் சேர்த்தே பார்க்க மாட்டார். பேரன் பிறந்தநாளுக்குச் சாப்பிட்ட ஐஸ்கிரீமைக் குற்றம் சொல்வார்.

இதை நியூசிலாந்தில் நேரடியாகவே பார்த்தார்கள். 2001-இல் வெளிவந்த ஆய்வு. 78 நோயாளிகளின் ஸ்டெராய்டு இன்ஹேலரை மருத்துவர்களே நிறுத்தி, அதிகபட்சம் ஆறு வாரம் கூடவே இருந்து கவனித்தார்கள். 60 பேருக்கு நோய் கைமீறியது. நைட்ரிக் ஆக்சைடு ஏறுவதை வைத்தே அவர்களில் பலரை முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

நிறுத்திப் பார்த்தவர்கள்

பின்லாந்தில் நடந்த ஆய்வை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. 1994-இல் வெளியானது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரண்டு வருடம் நாளொன்றுக்கு 1200 மைக்ரோகிராம் பியூடசொனைடு கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் அவர்களைப் பிரித்து, பாதிப்பேருக்கு அளவை 400-ஆகக் குறைத்தார்கள். மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் இன்ஹேலர். குறைத்தவர்களில் 74 சதவீதம் பேர் நன்றாகவே இருந்தார்கள். நிறுத்தியவர்களில் அப்படி இருந்தவர்கள் 33 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கு மருந்து போதும் என்பதும், ஒன்றுமே இல்லாமல் முடியாது என்பதும் ஒரே ஆய்வில் வெளிப்பட்டன. நிறுத்தியும் நன்றாக இருந்த அந்த மூன்றில் ஒருவரையும் மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் உண்டு. நாம்தான் அந்த ஒருவர் என்று தெரு முழுக்க நம்புவதில்தான் சிக்கல்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு பெரிய கனவு இருந்தது. சின்ன வயதிலேயே கொடுத்துவிட்டால் நோயின் போக்கையே மாற்றிவிடலாம் என்று பல காலம் நம்பினோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயது வரையுள்ள 1041 குழந்தைகளை நான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2000-இல் வந்தது. பியூடசொனைடு எடுத்த குழந்தைகள் எடுத்த காலம் முழுதும் நன்றாக இருந்தார்கள். நிறுத்திய சில மாதங்களில் அந்த வித்தியாசம் மறைந்தது. 2006-இல் இன்னும் சிறிய பிள்ளைகள், இரண்டு மூன்று வயதுக்காரர்கள் 285 பேர். இரண்டு வருடம் ஃப்ளூட்டிகசோன், மூன்றாம் வருடம் மருந்து இல்லை. மூன்றாம் வருடத்தில், முன்பு மருந்து எடுத்திருந்த குழந்தைக்கும் எடுக்காத குழந்தைக்கும் வேறுபாடு காணவில்லை. கனவு அத்தோடு முடிந்தது.

அந்த 1041 குழந்தைகளின் ஆய்விலிருந்து தாய்மார்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் கிடைத்தது. "பம்ப் அடிச்சா புள்ள வளராதாமே?" அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அளந்தார்கள். ஸ்டெராய்டு எடுத்தவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குள்ளம். உண்மைதான், மறைப்பதற்கில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல், மாடிப்படி ஏற முடியாமல், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாமல் வளரும் பிள்ளைக்கு எது நஷ்டம் என்பதை அந்த 1.2 சென்டிமீட்டரோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சாவைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் மருந்துப் பதிவேடுகளில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் பார்த்தார்கள். 2000-இல் முடிவு வந்தது. ஓர் ஆண்டில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டெராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. நிறுத்தியவர்களிடம், நிறுத்திய முதல் மூன்று மாதங்களில், தொடர்ந்தவர்களைவிடச் சாவு அதிகம். 2013-இல், மருந்தை நிறுத்திப் பார்த்த ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குறைந்த அளவு மருந்திலேயே நன்றாக இருந்தவர்களில் தொடர்ந்தவர்களுக்கு நோய் மோசமானது சுமார் 16 சதவீதம், நிறுத்தியவர்களுக்கு 38 சதவீதம். இது ஏறக்குறைய ஆறு மாதக் கணக்கு.

ஸ்டெராய்டு என்ற பயம்

நிறுத்துவதற்குக் காரணம் கோர்ஸ் என்கிற எண்ணம் மட்டுமல்ல. 'பழகிடும் சார்', 'ஸ்டெராய்டாமே, எலும்பு உருகிடும்', 'பொண்ணு பார்க்க வரப்போ பம்ப் கண்ணுல படக்கூடாது' என்று பல உண்டு. மூன்றாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. இரண்டாவதற்குக் கணக்கு இருக்கிறது.

இன்ஹேலரில் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை நிறுத்தியவர் திணறலோடு வந்தால் பிரட்னிசோலோன் மாத்திரை தருகிறோம். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், ஐந்து நாள். மொத்தம் 200 மில்லிகிராம், அதாவது இரண்டு லட்சம் மைக்ரோகிராம். எடையில் பார்த்தால் ஐந்நூறு நாள் இன்ஹேலர். இரண்டு மருந்தின் வீரியம் வேறு என்பதால் இதை அப்படியே எடைக்கு எடை ஒப்பிடக்கூடாது. ஆனால் இன்ஹேலர் மருந்தின் வேலை நுரையீரலோடு பெரும்பாலும் நின்றுவிடும், மாத்திரையோ எலும்பு, கண், சர்க்கரை என்று உடம்பெல்லாம் போகும். வாழ்நாளில் மாத்திரை ஸ்டெராய்டு மொத்தம் அரை கிராம் முதல் ஒரு கிராம் ஆனாலே கெடுதல்கள் தலைகாட்டத் தொடங்குவதாக 2018-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. மேலே சொன்ன ஐந்து நாள் வைத்தியம் நான்கு முறை என்றால் 0.8 கிராம். தெருமுனைக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் போட்ட ஊசியைச் சேர்க்காமலே இது. ஸ்டெராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை விட்டவர்தான் கடைசியில் அதிக ஸ்டெராய்டு வாங்குகிறார். இன்ஹேலரால் வருகிற தொல்லை பெரும்பாலும் தொண்டை கரகரப்பும் நாக்கில் வெண்படலமும். அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால், ஸ்பேசர் என்கிற குழலை வைத்து அடித்தால், அதுவும் குறையும்.

ஜூன் மாதம் வந்தால் ஹைதராபாத் நாம்பள்ளித் திடலில் பத்தினி குடும்பத்தார் தரும் மீன் மருந்துக்கு நம் ஊரிலிருந்தும் ரயிலேறுகிறார்கள். உயிருள்ள சின்ன விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்வார்கள். காசிமேட்டில் கூடை கூடையாக மீன் பார்த்தவர்கள் ஒரு குட்டி மீனை விழுங்க அவ்வளவு தூரம் போவது எனக்கு இன்றும் வியப்புதான். ஆஸ்துமா தானாகவே ஏறி இறங்கும் நோய். இறங்குமுகத்தில் எதை விழுங்கினாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். மீன் விழுங்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வரும் வழியில் இன்ஹேலரைத் தூக்கிப்போடாமல் இருந்தால் சரி. ஆடாதோடையை இந்த வரிசையில் வைக்க மாட்டேன். புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே ஆடாதோடையின் வேதிப்பொருளிலிருந்து பிறந்ததுதான். சளியை இளக்கும். ஈசினோஃபிலை அடக்குகிற வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

அடுப்பை எரிப்பது யார்

இனி நம் ஊர்க்காற்று. பேசின் பாலத்தில் ஒரு காலத்தில் நிலக்கரியில் ஓடிய மின்நிலையம் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறங்கிக்கொண்டிருந்தவரை இராயபுரத்துக் கொடிகளில் காய்ந்த வெள்ளை வேட்டி வெள்ளையாக இருந்ததில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டு 2011-இல் அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போயிற்று. தூசி போகவில்லை, கத்திவாக்கத்துக்கு வீடு மாறியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் நின்றது. அதற்குள் 1994-இலிருந்து வடசென்னை அனல்மின் நிலையமும், பின்னர் வல்லூரும் வந்துவிட்டன. மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு. இவற்றோடு கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, கொடுங்கையூர்க் குப்பைமேடு எரியும் நாட்கள்.

கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரரின் குழாயைச் சில நிமிடங்களில் சுருக்கிவிடும். ஆரோக்கியமானவருக்கு ஒன்றுமே செய்யாத அளவில்கூட. சாதாரணமாக மூக்கு அந்த வாயுவில் பெரும்பகுதியை உறிஞ்சி வடிகட்டிவிடும். மூட்டை தூக்குகிறவர், மீன்பாடி வண்டி மிதிக்கிறவர் வாயால் மூச்சு வாங்குவார். அவருக்கு அந்த வடிகட்டி கிடையாது. அழற்சி அடங்கியிருக்கும் குழாய் ஒரு மோசமான நாளைத் தாங்கும். ஸ்டெராய்டை விட்டு ஒரு மாதமான குழாய் தாங்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து குப்பத்து மக்கள் இருட்டில் ஓடினார்களே, அதுபோன்ற இரவில் எந்த மூச்சுக்குழாய் எந்த நிலையில் இருந்தது என்பது உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்றும் உண்டு. பீடி, சிகரெட் புகையில் ஊறிய மூச்சுக்குழாய் இன்ஹேலர் ஸ்டெராய்டுக்குச் சரியாகப் பணிவதில்லை. அங்கே ஈசினோஃபிலோடு நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவும் கூடுகிறது. அதை ஸ்டெராய்டு அவ்வளவாக அடக்காது. பம்பும் அடித்து பீடியும் பிடிப்பவர், 'மருந்து வேலை செய்யல' என்று நிறுத்துவதில் பாதி உண்மை இருக்கிறது. நிறுத்த வேண்டியதை மாற்றி நிறுத்திவிட்டார்.

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு கந்தக டை ஆக்சைடு வரம்பு விதித்தது. இரண்டு ஆண்டுகளில் நிறைவேற்ற வேண்டியது. அதன்பின் தவணை மேல் தவணை, கடைசியில் பெரும்பாலான நிலையங்களுக்கு 2025-இல் விலக்கே கிடைத்தது. நோயாளி பத்து நாள் மருந்து விட்டால் நாங்கள் சத்தம் போடுகிறோம். புகைபோக்கியிடம் யாரும் அப்படிப் பேசியதாகத் தெரியவில்லை.

நிறுத்துவது சரியாகும் இடங்கள்

எல்லோரும் சாகும்வரை அடிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'வீசிங்' என்று நாம் சொல்வதெல்லாம் ஆஸ்துமா இல்லை. கனடாவில் மருத்துவரே ஆஸ்துமா என்று சொன்ன 613 பேரை, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஊதவைத்துச் சோதித்து 2017-இல் முடிவைச் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமாவே இல்லை. அவர்கள் நிறுத்தலாம், நிறுத்தினார்கள். நாற்பது வருடம் புகை பிடித்த பெரியவருக்கு வருவது பெரும்பாலும் சி.ஓ.பி.டி. என்கிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு. அங்கே கதை வேறு. 2014-இல் 2485 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மற்ற இரண்டு நீண்டநேர மருந்துகளைத் தொடர்ந்துகொண்டு ஸ்டெராய்டை மட்டும் படிப்படியாக விலக்கியபோது நோய் மோசமாகும் தடவைகள் கூடவில்லை. ஊதும் திறனில் சிறு சரிவு மட்டும் இருந்தது. ஆகவே பக்கத்து வீட்டுத் தாத்தா டாக்டர் சொல்லி நிறுத்தினார் என்பதற்காக நீங்களும் நிறுத்தக்கூடாது. அவர் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. ஊதிப் பார்க்கும் சோதனை இல்லாமல் இரண்டையும் பிரிக்கவும் முடியாது.

ஆஸ்துமாதான் என்று உறுதியானவர்களுக்கு உலக ஆஸ்துமா வழிகாட்டி சொல்வது குறைப்பதை. இரண்டு மூன்று மாதம் கட்டுக்குள் இருந்தால் அளவில் கால்பங்கோ பாதியோ குறைத்து, மறுபடி மூன்று மாதம் பார்ப்பது. பெரியவர்களிடம் ஸ்டெராய்டை அடியோடு எடுத்துவிட அது சொல்வதில்லை. குறைப்பதற்கு நாங்கள் சோம்பல் படுகிறோம். முதல் நாள் எழுதிய அதே அளவைச் சீட்டுக்குச் சீட்டு நகல் எடுக்கிறோம். மருத்துவர் குறைக்காவிட்டால் நோயாளி நிறுத்திவிடுவார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனிதர்கள் நிறுத்தத்தான் செய்வார்கள் என்பதை ஒப்புக்கொண்டு வந்த வழி ஒன்று இருக்கிறது. மூச்சு வாங்கும்போது மட்டும் அடிக்கிற பம்பிலேயே ஸ்டெராய்டையும் சேர்த்துவிடுவது. பியூடசொனைடும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டராலும் கலந்த இன்ஹேலர். லேசான ஆஸ்துமா உள்ள 4215 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வந்தது. தேவைப்படும்போது மட்டும் இதை அடித்தவர்களுக்கும், தினமும் ஸ்டெராய்டு அடித்தவர்களுக்கும் நோய் மோசமான தடவைகள் ஏறக்குறைய ஒன்று; உள்ளே போன ஸ்டெராய்டோ கால்பங்குதான். 2019-இலிருந்து உலக வழிகாட்டி வெறும் அஸ்தலினை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டவே கூடாது என்கிறது. மருந்தை விட்டுவிடும் வழக்கமுள்ளவரைத் திட்டுவதைவிட, அவர் கண்டிப்பாக எடுக்கிற பம்பிலேயே மருந்தை வைப்பது புத்திசாலித்தனம். வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியாது. மிதமான, கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் தினமும் அடித்துத்தான் ஆக வேண்டும். அதில் சலுகை இல்லை.

ஆனால் மருந்து கைக்குக் கிடைக்க வேண்டும். இந்தியாவில் கோட்டயம், மைசூரு, புனே உள்ளிட்ட ஒன்பது நகரங்களில் எடுத்த கணக்கு 2022-இல் வெளியானது. சென்னை அதில் இல்லை. இழுப்பு இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தினமும் ஸ்டெராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் 2.5 சதவீதத்துக்கும் கீழே. ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லியிருந்தவர்களில்கூட 10 சதவீதத்தைத் தொடவில்லை. நிறுத்துவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். தொடங்கவே இல்லாதவர்கள்தான் பெருங்கூட்டம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அந்தப் பையில் பியூடசொனைடு-ஃபார்மோட்டரால் பம்ப் ஒன்றுக்கும் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வீட்டில் வைத்துக் காலையில் ஊதி நோட்டில் எழுதச் சொன்னால், மூன்று மணி இருமலுக்கு முன்பே பலருக்குச் சரிவு தெரிந்துவிடும்.

கடைசியாக, குறைப்பதற்கு எந்த மாதம் நல்லது என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சளிக்காய்ச்சல் சுற்றும். மார்கழியில் பனி இறங்கி, புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். பிறகு போகி. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. உங்கள் மூச்சுக்குழாய் விமானத்தைவிடக் கெட்டியானது இல்லை. கர்ப்பிணிகளும், சளிக்காய்ச்சலில் இருப்பவர்களும், வெளியூர்ப் பயணம் வைத்திருப்பவர்களும் அந்தச் சமயத்தில் அளவில் கை வைக்க வேண்டாம். மற்றவர்கள் மாசி பிறந்ததும் உங்கள் மருத்துவரிடம் போய், "அளவைக் குறைச்சுப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். பழைய சீட்டையும் பீக் ஃப்ளோ நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். நோட்டில் மூன்று மாத எண்கள் இல்லாமல் எந்த மருத்துவராலும் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது.